வாசலில் நான் சொல்லாத பெயர்

இந்தக் கடிதத்தில் வருபவை, வரிசைப்படி:

1. வகுப்புக்கு வரவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தபோது உன்னைத் திட்டியது.
2. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம்.
3. பெயர் சொல்லிக் கூப்பிடாமலே ஒருவரோடு முழு அன்போடு வாழ முடியும் என்பது. (உன் அம்மாவே உதாரணம்.)
4. நீ என்னிடம் ஒரு பெயர் கேட்டதும் நான் கொடுக்காததும்.
5. வாசலில் வந்து நின்றவரிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம்.
6. சில யோசனைகள். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

புள்ளிவிவர ஆபீசில் குறிப்பு எழுதியே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அம்சங்களை வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை மற்றவர்களைப் போலவே 'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். அதற்கடுத்த சொல் வரவில்லை. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு வேறு தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட ஆரம்பித்தேன். நீ தம்பானூரில் ரயில் ஏறிப் புனேக்கு வேலைக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் 'சௌக்கியம்' என்று செய்தி அனுப்புகிறாய். நானும் 'சௌக்கியம்' என்று பதில் போடுகிறேன். இரண்டு பேருமே உண்மையை எழுதவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் எனக்குக் கண் அறுவை. கூட ஒருவர் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உன்னை வரச் சொல்லலாமா என்று பல தடவை போனைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். வா என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நீ சம்மதித்தால் இதைத் தமிழர்கள் நடத்தும் நம் மாத இதழுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். ஸ்ரீவராகத்தில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு அது வருகிறது. பக்கத்து வீட்டு மாமா முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை படிப்பவர். வாசலில் நின்று சொன்ன பொய்யை உள்ளறையில் உட்கார்ந்து திருத்தினால் அது திருத்தமாகாது என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஒருவருடைய பெயரை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் சங்கடங்களைக் கேட்கும் உங்கள் அறையில் ஒரு விதி உண்டு என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ஆகையால் முதலில் உனக்கு வருகிறது. நீ வேண்டாம் என்றால் உன்னோடு நிற்கட்டும்.

முதல் அம்சம். உன்னைப் பெண் குழந்தை என்று எண்ணிப் பெயர் வைத்து வளர்த்தோம். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீ எம்.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, வருகை போதாது, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று உன் துறையிலிருந்து தபால் வந்தது. தினமும் காலையில் டிபன் டப்பாவோடு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் போன பெண் எங்கே போகிறது என்று எனக்குப் பதற்றம். அன்று சாயங்காலம் நீ செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "எங்க ஊர் சுத்தறே? உண்மையைச் சொல்லு." நீ, "க்ளாஸ்லதான் இருந்தேன்" என்றாய். "இருந்தா ஆப்சென்ட் எப்படிப் போடுவா?" நீ டிபன் டப்பாவைக் கீழே வைத்தாய். பிறகு, "பேரைக் கூப்பிடறாப்பா. அந்தப் பேருக்கு என்னால ஆமான்னு சொல்ல முடியலை. வாயைத் திறந்தா வரமாட்டேங்கறது" என்றாய். நான் கேட்டது இது: "பேருக்கு என்ன கேடு? ஜாதகம் பார்த்து, எழுத்துப் பார்த்து நான் வெச்ச பேர்." அப்போதுதான் நீ ஆண் என்பதை எங்களிடம் சொன்னாய். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அந்தத் தபாலை மறுபடி படித்தேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம். இருந்தாலும் உன் முகத்தைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவனாக இருந்த உன்னைக் காப்பாற்றியது நான் இல்லை, உன்னைவிட ஒரு வயது மூத்த ஷஹானா. நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், பயிற்சி எடுத்துக்கொண்ட மாணவர்கள் மற்ற மாணவர்களின் சங்கடங்களைக் கேட்பார்கள், அவளும் அவர்களில் ஒருத்தி என்றாய். 'கேட்பார்கள், அவ்வளவுதானா?' என்று எனக்கு அப்போது இளக்காரம். அந்தப் பெண் உன் ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் போய், பேர் மாறுகிற வரைக்கும் எல்லாருக்கும் பெயருக்குப் பதில் எண்ணைக் கூப்பிடுங்கள் என்று கேட்டு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். உனக்கு மட்டும் எண் என்றால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் வகுப்புக்கே எண். இந்த யோசனை எனக்கு வந்திருக்காது. நீ என்னையும் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போனாய். உள்ளே போனதும் ஷஹானா நாற்காலி போட்டுவிட்டு, மலையாளத்தில், "அங்கிளினெ ஞங்ஙள் எந்தா விளிக்கேண்டது?" என்று கேட்டாள். என்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று என் ஆயுளில் யாரும் கேட்டதில்லை. நான் திணறிப்போய் இனிஷியலோடு முழுப் பெயரையும், ஓய்வு பெற்றபோது இருந்த பதவியையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அது போர்டில் எழுதான் உள்ளதல்லே அங்கிள்" என்றாள் அவள், அது பலகையில் எழுதுவதற்கல்லவா என்று. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டிருந்தால் பல விஷயங்கள் சுலபமாகியிருக்கும். நானோ கோவில் நடை சாத்திவிடுவார்கள் என்று ஏதோ சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது. சின்ன வயதிலிருந்தே நீ வீட்டிலும் மலையாளத்தில் பேசத் தொடங்கினால் நான் கடிந்துகொள்வேன். நம்மவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் வீட்டுக்குள் தமிழை விடவில்லை, என் காலத்தில் போய்விடக் கூடாது என்ற பயம். கல்லூரிக்குப் போன பிறகு நீ அம்மாவிடம்கூட மலையாளத்திலேயே பேச ஆரம்பித்தாய். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், "இந்த ஆத்துல தமிழ்ல பேசறவாளுக்குத்தான் சாதம்" என்று சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், ஆனால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னேன். நீ எழுந்து போய்விட்டாய். உன் அம்மா காலமான பிறகு ஒரு நாள்தான் நீ காரணத்தைச் சொன்னாய். "மலையாளத்துல 'வந்நு', 'போயி'ன்னா முடிஞ்சுதுப்பா. யார் வந்தாலும் 'வந்நு'தான். தமிழ்ல நீங்க ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் 'வந்தா', 'போனா', 'சாப்ட்டா'ன்னு என்னைக் குத்திண்டே இருந்தேள். நான் தமிழை வெறுக்கலை. கொஞ்சம் மூச்சு விட்டுக்கப் போனேன்." இரண்டு மொழியும் தெரிந்தவன் நான், இரண்டிலும் பரீட்சை எழுதித் தேறியவன். வினைச்சொல்லின் வாலில் ஒரு பிள்ளை சிக்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவுக்கு இலக்கணம் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "அவன் சாப்ட்டானோ?" என்று கேட்டாள். "யாரு?" என்றேன். "நம்ம பிள்ளைதான், வேற யாரு" என்றாள். எப்போது மாற்றிக்கொண்டாள், யாரிடம் கேட்டு மாற்றிக்கொண்டாள் என்று தெரியவில்லை. அவள் ஒரு நிமிஷத்தில் கடந்ததைக் கடக்க எனக்குப் பயம். நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். 'குழந்தை வந்துது', 'குழந்தை தூங்கறது' என்று சொல்ல ஆரம்பித்தேன். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மாமா, "என்ன ஓய், எம்.ஏ. படிக்கற குழந்தையா? இன்னும் பால் குடிக்கறதா?" என்று கேலி செய்தார். எனக்கு அந்தக் கேலி சௌகரியமாகவே இருந்தது. நீதான் ஒரு நாள் அமைதியாகச் சொன்னாய்: "அப்பா, நான் குழந்தையும் இல்லை. அதுவும் இல்லை."

மூன்றாவதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மற்ற நடத்தையெல்லாம் இதை நம்பித்தான். உன் அம்மா கல்யாணமான நாளிலிருந்து என் பெயரைச் சொன்னதில்லை. 'ஏன்னா' என்பாள், 'இங்க பாருங்கோ' என்பாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்ல வைப்பாள். நானும் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டேன். அதனால் எங்களுக்குள் என்ன குறைந்தது? காய்ச்சல் வந்தால் கஞ்சி வந்தது, கோபம் வந்தால் பேச்சு நின்றது, மறுபடி வந்தது. பெயர் என்பது ஊருக்கும் ஆபீசுக்கும்தான், வீட்டுக்குள் அன்பு பெயரில்லாமலே போய்ச் சேரும் என்று நான் நம்பினேன். நீ உன்னைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து உன்னையும் அப்படியே நடத்தினேன். பழைய பெயரைச் சொல்லி உன்னை நோகடிக்கவில்லை, பின்னால் வந்த புதியதைச் சொல்லி என்னை நோகடித்துக்கொள்ளவும் இல்லை. 'இந்தா, காப்பி.' 'இங்க பாரு, மழை வரது.' ஒரு தந்தையாக என்னால் முடிந்த நாகரிகம் இது என்று நினைத்திருந்தேன்.

நான்காவதுதான் எனக்குக் கஷ்டமானது. இரண்டாம் வருஷம், கடைசிப் பரீட்சைக்குப் பெயர் பதிவதற்குள் மாற்றிக்கொடுத்தால் பட்டத்தில் புதிய பெயர் வரும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த அறையில் எல்லாரும் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். உனக்கு மட்டும் வேறு ஆசை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தானே வெப்பா? தாத்தா பேரை எனக்கு வெக்கறேளா? நானா எடுத்துக்கக் கூடாது. நீங்க வெச்சாத்தான் அது பேர்" என்றாய். வைத்தியநாதன் என்ற என் அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னால், நீ என் பிள்ளை, அவருடைய பேரன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். கரமனையில் இருக்கும் உன் சித்தப்பாவிடம் போனேன். பேச்சை எடுக்காமலே, அவன் மனைவி கொடுத்த அடையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ தினமும் என் முகத்தைப் பார்ப்பாய், கேட்க மாட்டாய். கேட்டு அவசரப்படுத்தாதே, அவர்களுக்கும் நேரம் வேண்டும் என்று ஷஹானா உனக்குச் சொல்லியிருந்தாளாம். என்னைப் போன்றவனுக்காக அந்தப் பெண் பரிந்து பேசியிருக்கிறாள்.

கடைசி நாள் நீ வரிசையில் நின்றபடி போன் செய்தாய். பின்னால் பெஞ்சு நகர்த்தும் சத்தம், யாரோ மலையாளத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடும் சத்தம், எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அப்பா, இப்ப எழுதணும். என்ன எழுதட்டும்?" என்றாய். நான், "ஹலோ, ஹலோ, கேக்கலை" என்றேன். நீ மறுபடி சத்தமாகக் கேட்டாய். அத்தனை பேருக்கு நடுவில் கேட்டாய். நான் "சரியாக் கேக்கலையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற ஷஹானா உன் தோளைத் தட்டி, நீ எப்போதோ பிடித்திருக்கிறது என்று சொன்ன பெயரை நினைவுபடுத்தினாளாம். நீ 'நிரஞ்சன்' என்று எழுதிக் கொடுத்தாய். சாயங்காலம் வந்து அதை என்னிடம் சொன்னபோது உன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது, நீ வேலைக்காகக் காத்திருந்த சமயம். பல்கலைக்கழக விடுமுறை, அந்த அறை பூட்டியிருந்தது. அதற்குள் நீயும் பயிற்சி எடுத்து அங்கே கேட்பவனாகியிருந்தாய்; அவசரமாக உதவி வேண்டியவர்களுக்கு உன் முகவரியைக் கொடுக்கலாம் என்று நீயே சொல்லியிருந்தாயாம், எனக்குத் தெரியாது. நான் வாசலில் நின்று பக்கத்து வீட்டு மாமாவோடு சுவாமி நீராடப் போகும் ஆறாட்டு ஊர்வலத்துக்கு எந்த இடத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று பேசிக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் படிக்கும் ஒருவர் வந்து நின்றார். பெண் என்று நினைத்தேன், ஆனால் இந்த விஷயத்தில் என் நினைப்புக்கு இனி மதிப்பில்லை, அதனால் மாணவர் என்றே எழுதுகிறேன். "அங்கிள், நிரஞ்சன் சேட்டன்டெ வீடல்லே?" என்று கேட்டார், நிரஞ்சன் அண்ணன் வீடு இதுதானே என்று. மாமா என் முகத்தைப் பார்த்தார். "நிரஞ்சனா? அது யாரு ஓய் உம்மாத்துல?" என்றார். நீ ஜன்னலுக்குப் பின்னால், நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். "அங்ஙனெ ஒராள் இவிடெ இல்ல" என்றேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை. அந்த மாணவர், "சாரி அங்கிள், வீடு மாறிப்போயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நீ சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இறங்கிப் போனாய். கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்திருக்கிறாய். இருட்டிய பிறகுதான் வந்தாய். நான் சாதம் போட்டேன், நீ சாப்பிட்டாய், ரசம் நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னாய். கையலம்பி வந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னாய்: "ஹாஸ்டல்ல அவரைப் பாடாப் படுத்தியிருக்கா. யார்கிட்டயும் சொல்லாம, முதல் தடவையா ஒருத்தரைத் தேடிண்டு வந்திருக்கார். நீங்க இல்லேன்னதும் அப்படியே ரயிலேறிடலாம்னு தம்பானூர் பஸ்ஸுக்கு நின்னுண்டிருந்தார். எங்கே போறதுன்னு அவருக்கே தெரியலை." உனக்காக ஒரு வார்த்தை நீ பேசவில்லை. மறுவாரம் புனே வேலையை ஒப்புக்கொண்டாய். அது வரை வேண்டுமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த வேலை.

ஆறாவதாகச் சில யோசனைகள் சொல்வதாக எழுதியிருந்தேன். வெளியில் எண்ணெய்ப் பண்டம் அதிகம் சாப்பிடாதே. மருந்துகளை டாக்டர் சொன்னபடி எடு, நண்பர்கள் சொன்னபடி எடுக்காதே. அங்கேயும் யாராவது உன்னைத் தேடி வருவார்கள், வந்தால் உட்கார வைத்து முதலில் தண்ணீர் கொடு. இவையெல்லாம் உனக்குத் தெரிந்தவை. நான் சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது என்பது எழுதும்போதுதான் தெரிகிறது.

எழுதி முடித்து, வழக்கம்போல முதலிலிருந்து சரிபார்த்தேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன். உன் அம்மாவைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன், ஆனால் அவள் சொன்னதை முழுவதும் எழுதவில்லை. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த கடைசி வாரம், ஒரு காலையில் வெளியே காத்திருந்த என்னிடம் நர்ஸ் வந்தாள். "அம்மை ராத்திரி முழுவன் ஒராளெ விளிக்குவாயிருந்து. அனியனாணோ? ஒன்னு வரான் பறயூ" என்றாள். இரவு முழுக்க யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், தம்பியா, ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்கிறாள். பிறகு நர்ஸே அந்தப் பெயரைச் சொன்னாள். அது என் பெயர். மரியாதை விகுதி எதுவும் இல்லாமல், வெறும் பெயர். அது நான்தான் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "பறயாம்" என்றேன், சொல்கிறேன் என்று. என்னை உள்ளே விட்டபோது அவள் கண் மூடியிருந்தாள். நான் "இந்தா" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் விழிக்கவில்லை, அதற்குப் பிறகும் விழிக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் விழித்திருப்பாள் என்று நான் வாதிடவில்லை. கூப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவ்வளவு வருஷமும் அவளுக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. நான் அது இல்லாமலே நிறைவு என்று எழுதிவிட்டேன். நிரஞ்சன், மூன்றாவது அம்சம் தவறு. அதை அடிக்காமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன், நான் எதை நம்பி உன்னை அப்படி நடத்தினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.